இதைச் சூரியன்னு வெச்சுக்கோ

சாப்பாட்டு மேஜை மேல் கிடக்கும் தக்காளியைத் தக்காளியாக இருக்க விடாத ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சட்டைக்குப் பொத்தான் போட்டிருப்பார்கள், வரி கட்டியிருப்பார்கள், மழை வந்தால் நம்மைப் போலவே குடையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருப்பார்கள். ஒரு குழந்தை மட்டும் அவர்கள் காதில் விழும்படி "ஏன்?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டால் போச்சு. முகத்தில் ஒரு பளபளப்பு ஏறும், நாற்காலி பின்னால் நகரும், தட்டுகள் ஓரம் கட்டப்படும், தண்ணீர் டம்ளர் வியாழனாகப் பதவி ஏற்கும், உப்பு டப்பா நிலவாகும், எங்கிருந்தோ நான்கு மிளகு வந்து சேரும், கடைசியில் அந்தத் தக்காளி உயர்ந்து நடுவே வந்து உட்காரும்.

"நல்ல கேள்வி! இப்போ இதைச் சூரியன்னு வெச்சுக்கோ."

அவ்வளவுதான். அந்தத் தக்காளிக்கு அன்றைக்குச் சட்டி பாக்கியம் கிடையாது. அந்தக் குழந்தைக்குச் சூடான சோறு கிடையாது.

நீங்கள் இவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். ரயிலில் எதிர் இருக்கையில், விருந்துக்குப் போன வீட்டில், பல் மருத்துவர் வாசலில் காத்திருக்கும் இடத்தில். எல்லாத் தொழிலிலும் இருப்பார்கள், ஒன்றைத் தவிர. உண்மையான வானியல் ஆராய்ச்சிக்காரர் ஒருவரிடம் கிரகம் ஏன் இப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "அது இன்னும் முழுசாத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடருவார். பாவம், அவ்வளவு படித்தும் பேசத் தெரியாத மனுஷர்.

நம்முடைய ஆளுக்கு அந்தக் குறை இல்லை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று வைத்திருக்கிறார். ஒரே கார், ஒரே ஆசிரியர், வாசலில் அவர் படம் போட்ட பலகை. தெருப்பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வெச்சுக்கோ மாமா'. அவருக்கு அந்தப் பெயர் தெரியும். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பயிற்சிக் கார்களில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருந்தால், பக்கத்தில் உட்காரும் ஆசிரியர் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கில்தான் அவருடைய ஆத்மா குடியிருந்தது. உலகம் தப்புச் செய்வதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால் அவர் வலது கால் அழுத்தும். காரில் என்றால் சரி. வீட்டில் மகள் கழித்தல் கணக்குப் போடும்போது கடன் வாங்க மறந்தால் மேஜைக்கு அடியில் தரை 'தொம்' என்று அதிரும். மனைவி ஃபோனில் தன் அக்காவிடம் ஏதோ ஊர்ப்பெயரைத் தப்பாகச் சொன்னால் அடுத்த அறையில் 'தொம்'. கீழ் வீட்டுக்காரர்கள் இவர்கள் மாவு இடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்கள்.

ஒருமுறை, தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் அவரிடம் கார் பழகிக்கொண்டிருந்தார். கடைத்தெரு ரவுண்டானாவை நெருங்கும்போது வாய் தவறி, "சார், இதைப் பாத்தா ஸ்கூல்ல படிச்ச கிரகப் பாதை ஞாபகம் வருது" என்று சொல்லிவிட்டார். சொல்லலாமா? நடுவில் இருந்த பூச்செடித் திட்டு சூரியனாயிற்று, முன்னால் போன தண்ணீர் லாரி சனியாயிற்று, அந்த அம்மாள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சார், நான் எந்தப் பக்கம் திரும்பணும்?"

"அவசரப்படாதீங்கம்மா. ஒரு கிரகம் அவசரப்படுமா?"

பெட்ரோல் தீர்ந்துதான் அந்தச் சூரியக் குடும்பம் நின்றது என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். கடைத்தெருவில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த அம்மாள் இன்றைக்கும் ரவுண்டானா வந்தால் இறங்கி நடக்கிறார். அது நானே பார்த்தது.

இவ்வளவு கேலி செய்கிறோமே, அந்த மனிதருக்கு இதில் என்ன சுகம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அவருக்கு ஒரே மகள். பத்து வயது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேள்விகளை அவரிடம்தான் கொண்டு வருவாள். வானம் ஏன் நீலம், எறும்பு தூங்குமா, நேற்று எங்கே போச்சு. "அப்பாவைக் கேட்டாத் தெரியும்" என்று அவள் தோழிகளிடம் சொல்வதை ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டார். சொத்து எழுதிவைத்த மாதிரி இருந்தது அவருக்கு. அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை தக்காளியை வேண்டுமானாலும் பலி கொடுப்பார்.

ஆனால் கொஞ்ச நாளாக ஒரு மாறுதல். அவர் இரண்டாவது கிரகத்தை வைப்பதற்குள் அவள் "புரிஞ்சுதுப்பா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். வெச்சுக்கோகாரர்களுக்கு இந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. குழந்தைகள் அகராதியில் 'புரிஞ்சுது' என்றால் 'விடுங்கள்' என்று பொருள். அவருக்கும் தெரியாது. ஆனால் எங்கேயோ லேசாக இடித்தது.

அப்படி இருக்கும்போதுதான் செவ்வாய் வந்தது.

பள்ளியில் அறிவியல் டீச்சர் ஒரு படம் காட்டியிருந்தார். ராத்திரி ராத்திரியாகச் செவ்வாய்க் கிரகத்தைப் பிடித்து ஒரே படத்தில் சேர்த்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த கிரகம், நடுவில் எதையோ மறந்துவிட்டு வந்தது போலப் பின்னால் திரும்பி, மறுபடி முன்னால் போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் பிள்ளைகள் கிரகங்களாக நடந்து காட்டப் போகிறார்கள். நம் பெண்தான் பூமி. இந்தச் செவ்வாய் ஏன் பின்னால் போகிறது என்று அவள்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அப்பா, செவ்வாய் ஏன்பா பின்னாடி போகுது?"

அவருக்குத் தெரியாது. செவ்வாய் பின்னால் போகும் என்பதே அப்போதுதான் தெரியும். சாதாரண மனிதராக இருந்தால் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்திருப்பார். ஆனால் அந்தச் சொல் இந்த இனத்தின் தொண்டையில் வளர்வதில்லை.

"நல்ல கேள்வி!" என்றார். தக்காளி வந்தது. "இதைச் சூரியன்... இல்லை, இரு. நாம பூமியிலதானே இருக்கோம்? அதனால இதைப் பூமின்னு வெச்சுக்கோ. நடுவுல. இந்த மிளகு செவ்வாய். இப்படிச் சுத்துது."

"அது முன்னாடிதானே போகுது?"

"அவசரப்படாதே. மிளகு சும்மா சுத்தலை. ஒரு மூடி மேல உக்காந்து சுத்துது." ஊறுகாய் ஜாடியின் மூடி வந்தது. "மூடி தட்டோட விளிம்புல ஓடுது, மிளகு மூடியோட விளிம்புல ஓடுது. அப்போ மிளகு சில நேரம் பின்னாடி வரும். புரிஞ்சுதா?"

"அந்த மூடி வானத்துல எங்கப்பா இருக்கு?"

தொம்.

"மூடி கண்ணுக்குத் தெரியாது."

"ஒவ்வொரு தடவையும் அந்தச் சுழி வேற வேற மாதிரி இருக்குமாமே, டீச்சர் சொன்னாங்க?"

"அதுக்குத்தான்..." என்று அவர் சுற்றும் முற்றும் பார்த்து, மாத்திரை டப்பாவின் சின்ன மூடியை எடுத்துப் பெரிய மூடி மேல் வைத்தார். "மூடி மேல இன்னொரு மூடி."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மவர் தமக்கே தெரியாமல் ஒரு பெரிய பரம்பரையில் சேர்ந்துகொண்டிருந்தார். பழங்காலத்து வானியல் அறிஞர்களும் பூமியை நடுவில் உட்காரவைத்துவிட்டு, செவ்வாய் கணக்குக்கு ஒத்துவராமல் முரண்டு பிடித்தபோது வட்டத்தின் மேல் வட்டம் வைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள், கணக்கும் போட்டார்கள். இவர் ஊறுகாய் ஜாடியைப் பார்த்தார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அளவு தெரிந்தவள். "ஏங்க, அவ கேட்டது ஒரு மாத்திரை. நீங்க குடுக்குறது ஒரு பாட்டில்" என்றாள்.

"அடிப்படை தெரியணும் இல்ல?"

"அடிப்படை ஆறிப்போய்க் கிடக்கு தட்டுல."

மகள் மூடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, மருத்துவர்கள் நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"பரவாயில்லைப்பா. நான் டீச்சர்கிட்டயே கேட்டுக்கறேன்."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நடுவில் இருந்து தம்மை யாரோ மெதுவாக எடுத்து, உப்பு டப்பா பக்கத்தில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. இனி அவள் கேட்கவே மாட்டாளோ?

மறுநாள் காலையில் பயிற்சிக் காரிலேயே அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். இழந்த ராஜ்யத்தை மீட்க வேண்டுமே. வழி நெடுக மூன்றாவது மூடி. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இடப்புறம் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் அதைத் தாண்டியது. பஸ்ஸின் ஜன்னலில் ஒரு குழந்தை கையசைத்தபடி, பின்னாலேயே போய் மறைந்தது.

"அப்பா! அந்த பஸ்ஸு!"

"பஸ் கிடக்குது. நீ மூணாவது மூடியைக் கவனி."

"இல்லப்பா, அது முன்னாடிதானே போகுது? ஆனா..."

"கவனம், கவனம். புரிஞ்சுதா?"

"ம். புரிஞ்சுது" என்றாள் அவள். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே புரிந்திருந்தது. அவர்தான் கவனிக்கவில்லை.

பள்ளி வாசலில் டீச்சர் நின்றிருந்தார். "சார், வெள்ளிக்கிழமைக்கு ஒரு சூரியன் வேணும். பிள்ளைகளை விட உயரமா, பெருசா. நீங்க வர முடியுமா?"

முடியுமாவா! அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரெண்டே ரெண்டு விஷயம்தான் சார். நகரக் கூடாது. பேசக் கூடாது."

வீட்டில் இதைக் கேட்ட மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கு விடுப்புக் கேட்க மருந்துக்கடைக்கு ஃபோன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை. பள்ளியின் பெரிய கூடத்தில், நடுவே, மஞ்சள் தாள் ஒட்டிய பெரிய விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் நின்றார். சுவர் முழுக்கத் தாள் நட்சத்திரங்கள். தரைக்குப் புதிதாகப் பாலிஷ் போட்டிருந்ததால் சாக்பீஸால் வட்டம் வரையக் கூடாது என்று தலைமையாசிரியர் உத்தரவு. ஆகவே டீச்சர் பிள்ளைகளுக்கு வேறு ஒரு வழி சொல்லிவைத்திருந்தார்: "உங்க கண்ணு சூரியன் மேலயே இருக்கணும். சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கற தூரம் மாறவே கூடாது. என்ன ஆனாலும் சரி." இந்தக் கடைசி மூன்று சொற்களை டீச்சர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எட்டுக் கிரகங்களும் சுற்ற ஆரம்பித்தன. புதன் ஓட்டமும் நடையுமாக, வெள்ளி ஒய்யாரமாக, பூமி உதட்டைக் கடித்துக்கொண்டு, தான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லியபடி. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சூரியனுக்கு நாக்கு மட்டும் அரித்தது. பொறுத்துக்கொண்டார்.

அப்போது செவ்வாய், கன்னம் உப்பிய ஒரு பையன், கூட்டத்தில் தன் அம்மாவைப் பார்த்துவிட்டான். கையாட்டினான். நின்றே போனான்.

தொம், என்று சூரியனின் காலடியிலிருந்து ஒரு சத்தம்.

பையன் அசையவில்லை. தொம், தொம். பின்னால் வியாழன் வந்துகொண்டிருக்கிறது, நடுச்சாலையில் ஒரு வண்டி நிற்கிறது, காலடியில் பிரேக் இல்லை. எந்த ஆசிரியருக்குத்தான் பொறுக்கும்?

"தம்பி, கிரகம் நிக்குமாப்பா? நான் சொல்றேன் பாரு. இப்போ இந்த விளக்கை..." என்றபடி சூரியன் புறப்பட்டுவிட்டது.

செவ்வாய் கீழ்ப்படிதலுள்ள பையன். சூரியன் ஓரடி வர, அவன் ஓரடி பின்னால் போனான். தூரம் மாறக் கூடாதே! சூரியன் வேகமாக வந்தது, செவ்வாயும் வேகமாகப் பின்வாங்கியது. புதன் சூரியனின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கூடவே ஓடியது. சனி பெற்றோர் வரிசைக்குள் புகுந்து ஒரு தாத்தாவின் மடியில் உட்கார்ந்தது. யுரேனஸ் ஜன்னல் திரைக்குள் போயிற்று. நெப்டியூன் கண்ணைச் சூரியன் மேலேயே வைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து, கதவைத் தாண்டி, வராந்தாவில் மறைந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கூடமே சிரித்தது.

சூரியன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். குடும்பம் சிதறிக் கிடந்தது. நடுவே ஒரே ஓர் ஆள் மட்டும் போட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் மகள். அவள் முகம் சிவந்திருந்தது. நாள்கணக்காக மனப்பாடம் செய்தது எல்லாம் அப்பா காலில் மிதிபட்டுப் போயிற்று. அவர் விளக்கைப் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் பாருங்க!" என்றாள் உரக்க. "இப்போ நீங்க பாத்ததுதான் பழைய காலத்து வானம். பூமி சும்மா நிக்குது, சூரியன்தான் ஓடுதுன்னு அப்போ பெரும்பாலும் எல்லாரும் நெனச்சாங்க. அவங்க முட்டாள் இல்லை. பாக்க அப்படித்தானே இருக்கு? அப்பா, விளக்கைத் தூக்குங்க. என்னைச் சுத்தி வாங்க."

அவர் சுற்றினார். தலைக்கு மேல் விளக்கோடு, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தப் பெரிய மனிதர் அந்தச் சின்னப் பெண்ணைச் சுற்றி வந்தார். பத்து வருஷமாக அவர் செய்துகொண்டிருப்பதும் அதுதான் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஆனா செவ்வாய் ஏன் பின்னாடி போகுதுன்னு கேட்டா, அதுக்கு வட்டத்து மேல வட்டம், அது மேல இன்னொரு வட்டம்னு வெச்சுக்கிட்டே போனாங்க" என்றாள் பூமி. பெற்றோர் வரிசையில் அவள் அம்மா இருமினாள். "அப்புறம் சூரியனை நடுவுல வெச்சுப் பாத்தாங்க. அப்பா, நடுவுல போய் நில்லுங்க."

நின்றார்.

"நகரக் கூடாது."

தலையசைத்தார். தலையை அசைக்கலாமா என்று ஒரு சந்தேகம் வந்து, அதையும் நிறுத்திக்கொண்டார்.

கிரகங்கள் திரும்பி வந்தன. நெப்டியூனை மட்டும் வராந்தாவிலிருந்து ஆள் விட்டு அழைத்துவர வேண்டியிருந்தது. "நான் நடந்துகிட்டே செவ்வாயைக் கையால காட்டறேன். என் விரல் சுவத்துல எந்த நட்சத்திரத்தைக் காட்டுதுன்னு மட்டும் பாருங்க" என்றாள். உள்வட்டத்தில் அவள் வேகமாக நடந்தாள். வெளிவட்டத்தில் செவ்வாய் மெதுவாக நடந்தான், இப்போது அம்மாவைப் பார்க்காமல். விரல் முன்னால் போயிற்று, முன்னால் போயிற்று, அவனை அவள் முந்துகிற இடத்தில் தயங்கி, சுவரில் பின்னால் நகர்ந்தது. பெற்றோர் வரிசையில் ஓர் "அட!" எழுந்தது. விரல் மறுபடி முன்னால் போயிற்று.

"அவன் பின்னாடி போகவே இல்லை. நான்தான் அவனை முந்திட்டேன். நம்ம கார் பஸ்ஸைத் தாண்டும்போது பஸ் பின்னாடி போற மாதிரி இருக்கும்ல? அதேதான். இதை நான் எங்கப்பா கார்லதான் தெரிஞ்சுகிட்டேன்."

சூரியன் நகரவில்லை, பேசவில்லை. விளக்கு மட்டும் கொஞ்சம் ஆடியது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவர் பக்கத்தில் மகள், பின்சீட்டில் மனைவி. பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்திருந்தார்கள். மகள் அதை உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். கேட்க மாட்டாள், இனிமேல் எதற்குக் கேட்கப்போகிறாள்?

"அப்பா."

"ம்?"

"எல்லாக் கிரகமும் சூரியனைச் சுத்துதுல்ல? அப்போ சூரியன் எதைச் சுத்துது?"

கேட்டுவிட்டாள்! அவர் நெஞ்சு குதித்தது. வாய் திறந்தது. 'நல்ல' வரை வந்தது. பிறகு, புதிதாக ஓட்டப் பழகுகிறவர் கிளட்சை விடுவது போல மிகவும் மெதுவாக, நடுங்கிக்கொண்டே, ஒரு சொல்லை வெளியே விட்டார்.

"தெரியலைடா."

வண்டி அணைந்துவிடவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்சீட்டில் மனைவியின் கைப்பை மட்டும் தானாகக் கீழே விழுந்தது.

"சரி, அப்போ ரெண்டு பேரும் தேடிப் பாக்கலாம்" என்றாள் மகள்.

நல்ல முடிவு, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் கார் அடுத்த திருப்பத்தைக் கூடத் தாண்டவில்லை. அவர் பார்வை மெல்ல அவள் மடிக்குப் போயிற்று.

"ஆனா ஒண்ணுடா கண்ணு. அந்த ஆரஞ்சை இப்படிக் குடேன். இப்போ இதை..."

அவள் ஏற்கெனவே உரித்துவிட்டிருந்தாள். ஒரு சுளையை எடுத்து அவர் வாயில் திணித்தாள். வாய் நிறையச் சூரியனை வைத்துக்கொண்டு எதை விளக்குவது? மென்றார். இனிப்பாகத்தான் இருந்தது.

இந்த இனத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களால் ஆபத்து கிடையாது, சோறு ஆறிப்போகும், அவ்வளவுதான். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கட்டுமா? மேலே அந்தப் பெண் செவ்வாயைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது, 'சரிதான், ஆனா இன்னும் கொஞ்சம் தெளிவாச் சொல்லியிருக்கலாம், நானா இருந்தா' என்று உங்களுக்கு ஓர் எண்ணம் வந்ததே. வரவில்லையா? சரி. அப்படியானால் உங்கள் மேஜையைக் கொஞ்சம் பாருங்கள். அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு எப்போது நடுவுக்கு வந்தது? பக்கத்தில் அந்தப் பேனா மூடியை வைத்தது யார்?